டெயில் லைட்டுக்கு எல்இடி: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

என் காரின் பின் விளக்குகளுக்கு எல்இடி பல்ப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. இரண்டு செட் வாங்கினேன். ஒன்றைக் கழற்றி எறிந்தாகிவிட்டது, இன்னொன்று இப்போதும் வண்டியில் எரிகிறது. இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் பல்பைப் பற்றி மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பாதிப் பயன்தான், ஏனென்றால் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி பல்பால் வந்ததே இல்லை, ஹோல்டராலும் எர்த்தாலும் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) வந்தது, அது புரியாமல் பல நாள் பல்பின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தொடக்கம் இதுதான். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்ற பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, "சார், லெஃப்ட் பிரேக் லைட் எரியல, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து வண்டியைச் சுவர் ஓரமாகப் பின்னால் தள்ளி நிறுத்தி, விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்துக் கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்தேன். வலது பக்கம் பளிச்சென்று சிவந்தது. இடது பக்கம் டெயில் லைட் என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் பிரேக்கை மிதித்ததும் வெளிச்சம் கூடுவதற்குப் பதில் மங்கியது. பின்னால் நின்று பார்க்க ஒருவரை நிற்க வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது: நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இடது இண்டிகேட்டர் லேசாகச் செம்மஞ்சளாக மினுங்குகிறது, முன்பக்க இண்டிகேட்டரும் கூடவே.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு மினுங்குகிறது என்றால் அது பல்ப் கெட்டதன் அடையாளம் இல்லை, எர்த் விட்டுப்போனதன் அடையாளம். ஒரு பக்கத்துப் பின் விளக்கில் உள்ள பல்புகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே எர்த் வயர்தான். அந்த வழி அடைபட்டால் பிரேக் இழைக்குள் (பல்புக்குள் சூடாகி எரியும் மெல்லிய கம்பி) போன மின்சாரம் திரும்பிப்போக வேறு வழி தேடி, பக்கத்து இண்டிகேட்டர் இழைக்குள் நுழைந்து, அந்த வயரிலேயே முன்பக்க இண்டிகேட்டர் வரை போய் அங்கே எர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. போகிற வழியில் உள்ள இழைகளை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எரிய வைக்கிறது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குச் செய்தது, புது இழை பல்ப் ஒன்று வாங்கிப் போட்டது. அதே கதை. சரி, எப்படியும் மாற்றுகிறோம், எல்இடியாகவே போட்டுவிடலாம் என்று முதல் செட்டை வாங்கினேன்.

போட்டதும் கோளாறு மாயமாகிவிட்டது! இரண்டு பக்கமும் பிரேக் லைட் நன்றாக எரிந்தது. ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். அப்புறம் ஓர் இரவு பின்னால் வேறு வண்டியில் வந்த தம்பி போன் செய்து, "அண்ணே, நீங்க லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேந்து அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றான்.

எல்இடி செய்வது இதுதான், இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். இரட்டை இழை பல்பில் பிரேக் இழை 21 வாட், டெயில் இழை 5 வாட். 12 வோல்ட்டில் 21 வாட் என்றால் 1.75 ஆம்பியர். எர்த்தில் துருவோ களிம்போ இருந்தால் அந்தப் பெரிய மின்சாரம் அங்கே சிக்கி, வோல்ட்டேஜ் பாதி அங்கேயே போய்விடும், விளக்கு மங்கும், நமக்குத் தெரிந்துவிடும். அதே இடத்தில் எல்இடி போட்டால் அது இழுப்பது கால் ஆம்பியர் அளவுதான். களிம்பு பிடித்த எர்த்துக்கு அந்தச் சின்னச் சுமை ஒரு பொருட்டே இல்லை. கோளாறு அப்படியே இருக்க, விளக்கு மட்டும் சரியாக எரிகிறது. ஆனால் இண்டிகேட்டரில் இன்னும் 21 வாட் இழை பல்ப் இருக்கிறதே, அது ஒவ்வொரு முறை எரியும்போதும் அதே கெட்ட எர்த்தில் மின்சாரத்தைத் தள்ளுகிறது, பக்கத்து எல்இடிக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் சரிகிறது. இழை பல்பாக இருந்தால் கொஞ்சம் மங்கியிருக்கும், எல்இடி ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒரேயடியாக அணைந்துவிடும்.

அப்போதும் நான் பல்பைத்தான் சந்தேகப்பட்டேன். இடது பல்பை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டபோதுதான் தெளிவு வந்தது: கோளாறு பல்போடு போகவில்லை, இடது பக்கமே நின்றது. காசு செலவில்லாத சோதனை இது, இரண்டு நிமிட வேலை, இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு செட் பல்ப் மிச்சம். இரண்டு பக்கமும் நடுவில் உள்ள மூன்றாவது விளக்கும் சேர்ந்து எரியவில்லை என்றால் ஃப்யூஸையும் பெடலுக்கு மேலே உள்ள பிரேக் சுவிட்சையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்ப், ஹோல்டர், எர்த் என்ற வரிசையில் பாருங்கள். நம்பர் பிளேட் லைட்டோ மூன்றாவது பிரேக் லைட்டோ டிக்கி கதவில் இருந்து, கதவைத் திறந்து மூடும்போது விட்டு விட்டு எரிந்தால், கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் மடிந்து மடிந்து அறுந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தவறாகச் செய்கிறார்கள், நானும் செய்தேன். பல்பைக் கழற்றிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் பாடியில் வைத்து, சிவப்பு முனையை ஹோல்டரில் வைத்தால் 12 வோல்ட் காட்டும். அதனால் ஒன்றும் புரியாது. இந்த அளவில் ஹோல்டரின் எர்த் வயர் கணக்கிலேயே வரவில்லை. பிளஸ் வயரில் கூட உள்ளே உள்ள செம்புக் கம்பிகளில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் சுமை இல்லாதபோது முழு வோல்ட்டேஜ் காட்டும். இழை பல்பைப் போட்டு, பிரேக்கை மிதித்து வைத்தபடி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஹோல்டரின் எர்த் தகட்டுக்கும் நடுவில் அளக்க வேண்டும். பேட்டரி தூரமாக இருந்தால் ஒரு நீள வயரை இழுத்துக்கொள்ளுங்கள். நல்ல எர்த்தில் இது பூஜ்யத்துக்குப் பக்கத்தில், 0.1 வோல்ட் போல இருக்கும். என் வலது பக்கம் 0.08. இடது பக்கம் 6.2! பேட்டரி கொடுப்பதில் பாதி ஒரு துருப்பிடித்த போல்ட்டில் கரைந்துகொண்டிருந்தது.

டிக்கியின் ஓரத்து அட்டையைக் கழற்றியதும் அந்த போல்ட் கண்ணில் பட்டது. விளக்கின் ரப்பர் விளிம்பு வழியே தண்ணீர் இறங்கி நேராக அதன் மேல் சொட்டியிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டு, வயரின் வளையத்தைத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். ஹோல்டரில் பச்சைக் களிம்பு இருந்தது, பல வருடம் இழை பல்ப் எரிந்த சூட்டில் பிளாஸ்டிக் பழுப்பேறி, தகட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, தகட்டை மெல்ல நிமிர்த்திவிட்டேன். பிளாஸ்டிக் உருகி வளைந்திருந்தால் மட்டும் ஹோல்டரையே மாற்றிவிடுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். பிறகு அளந்தபோது 0.06 வோல்ட். பழைய இழை பல்பையே திரும்பப் போட்டேன், புதிது போல எரிந்தது.

அப்படியானால் எல்இடி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் ஒரே ஒரு காரணத்தில் நிற்கிறது: வேகம். இழை பல்ப் சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரக் கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகிறது, எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 0.2 விநாடியில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். நமக்குப் பின்னால் வருகிறவருக்கு ஒரு கார் நீளத்துக்கும் மேல் கூடுதல் இடம் கிடைக்கிறது. இதை என் வண்டியில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. நடுவில் உள்ள மூன்றாவது பிரேக் லைட் கம்பெனியிலிருந்தே எல்இடி. முன்பெல்லாம் பிரேக்கை மிதித்தால் நடு விளக்கு சட்டென்று வந்து, இரண்டு ஓரமும் ஒரு கணம் பின்தங்கி ஏறும். இப்போது மூன்றும் ஒன்றாக விழிக்கின்றன. ஹோல்டர் சூடாவது குறைவது இரண்டாவது நன்மை. மின்சாரம் மிச்சம், பெட்ரோல் மிச்சம் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவ்வளவு சின்னக் கணக்கு.

இனி பல்புகள். பிராண்ட் பெயர் சொல்லவில்லை, ஒரே உருவம் பல பெயர்களில் வருகிறது, பெயரை விடப் பார்க்க வேண்டிய அடையாளங்கள் முக்கியம். என் வண்டிக்கு வேண்டியது பி21/5டபிள்யூ, சில இடங்களில் 1157 என்பார்கள். அடியில் இரண்டு ஊசிகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும், அதனால் ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும், போகவில்லை என்றால் அழுத்தித் திருகாமல் திருப்பிப் பாருங்கள்.

முதல் செட் வெள்ளை எல்இடி. கையில் வைத்து எரியவிட்டால் கண் கூசும். சிவப்புக் கண்ணாடிக்குள் போட்டால் அந்த வெளிச்சம் எங்கே போனது என்று தேட வேண்டும், வந்த கொஞ்சமும் ரோஸ் நிறத்தில் வெளிறியிருந்தது. இதற்குக் காரணம் எளிது. வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசியது. நீலமும் பச்சை கலந்த மஞ்சளும் அதில் ஏராளம், அடர்சிவப்பு கம்மி. சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டும்தான் வெளியே விடும். இழை பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு நிறைய இருப்பதால் அதற்கு இந்தக் கண்ணாடி பொருந்தியது, வெள்ளை எல்இடிக்குப் பொருந்தாது. சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி, வேறு யோசனையே வேண்டாம்.

இதை விடப் பெரிய குறை இன்னொன்று, இதற்காகத்தான் அந்தச் செட்டைத் தூக்கி எறிந்தேன். டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இழை பல்பில் பிரேக் இழையின் பெயரளவு வெளிச்சம் 440 லூமென், டெயில் இழை 35 லூமென். பன்னிரண்டு மடங்குக்கு மேல். அந்தத் தாவல்தான் பின்னால் வருகிறவருக்கு "நிறுத்துகிறான்" என்று சொல்கிறது. முதல் செட்டில் டெயிலே பிரேக் போல எரிந்தது, இரவில் பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் கூடியது போல ஒரு தோற்றம், அவ்வளவுதான். பளிச்சென்று இருக்கிறதே என்று பலரும் இதைப் பாராட்டி வாங்குகிறார்கள், எனக்கு இதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மங்கலான பிரேக் லைட்டை விட மோசமானது, எப்போதும் பிரேக் பிடித்தது போலவே எரியும் டெயில் லைட். பெட்டியில் பிரேக்குக்கு இத்தனை ஆயிரம் லூமென் என்று பெரிய எழுத்தில் போட்டு, டெயிலுக்கு எத்தனை என்று எங்கேயும் போடாத பல்பை வாங்காதீர்கள்.

இரண்டாவது செட் சிவப்பு. தலையில் ஒரு சிப் மேல் சின்ன லென்ஸ், உடம்பைச் சுற்றி நான்கு பக்கமும் சிப். இந்தச் சுற்றுச் சிப்புகள் அவசியம். விளக்குக்குள் இருக்கும் வெள்ளிக் கிண்ணம் இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்தது. வெளிச்சம் பக்கவாட்டில் போய்க் கிண்ணத்தில் பட்டுத்தான் பரவ வேண்டும், நேராக முன்னால் மட்டும் பாய்கிற பல்பைப் போட்டால் நடுவில் ஒரு புள்ளி எரியும், சுற்றிலும் இருட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் வருகிற வண்டிக்கு அதுவும் தெரியாது. முதல் செட் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது செட்டிலும் கிண்ணத்தின் ஓரத்தில் இழை பல்ப் நிரப்பிய அளவுக்கு நிரம்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இருபது முப்பது அடி தள்ளி, பக்கவாட்டிலும் நடந்து பார்த்தேன், வெளிச்சம் அறுபடவில்லை. நான் அளந்ததில் பிரேக்கில் 0.26 ஆம்பியர், டெயிலில் 0.03. டெயில் அடக்கமாக எரிகிறது, மிதித்தால் தாவுகிறது. ஒரு பக்கம் இழை பல்ப், மறுபக்கம் இந்த பல்ப் போட்டு, பகலிலும் இரவிலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இரண்டையும் மாற்றினேன். போனில் படம் எடுத்து ஒப்பிடுகிறவர்கள் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கேமரா தானாகச் சமன் செய்து ஏமாற்றிவிடும்.

இன்னொரு சோதனையும் செய்தேன். பெடலை ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்துப் பத்து நிமிடம் பிரேக் லைட்டை எரியவிட்டேன். எல்இடிக்கு எதிரி சூடு. மலிவான பல்பில் சூட்டை வெளியே எடுக்க ஒன்றும் இருக்காது, மூடிய விளக்குக்குள் சில நிமிடத்திலேயே வெளிச்சம் இறங்கும். முதல் செட் நான்காவது நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியது. இரண்டாவது செட்டில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போக்குவரத்து நெரிசலில் பிரேக்கை மிதித்தபடியே நிற்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இண்டிகேட்டருக்கும் ஆரஞ்சு எல்இடி வாங்கினேன், போட்டேன், கழற்றிவிட்டேன். போட்டதும் டிக் டிக் டிக் என்று இரட்டை வேகத்தில் அடிக்கும், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃப்ளாஷர், மின்சாரத்தின் அளவை வைத்துத்தான் பல்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது, எல்இடி இழுப்பது குறைவு என்பதால் பல்ப் போய்விட்டது என்று நினைத்து எச்சரிக்கிறது. தீர்வு என்று, இழை பல்ப் அளவுக்கு மின்சாரம் இழுத்துக் காட்ட 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அது எரியும் நேரத்தில் 24 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகக் கக்குகிறது, தொட்டால் தோல் வெந்துவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் இரும்புத் தகட்டில் முடுக்குங்கள், பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். பழைய வண்டிகளில் ஃப்ளாஷர் ரிலே தனியாக இருந்தால் எல்இடிக்கான ரிலேவை மாற்றிப் போடலாம், அது சுத்தமான வழி. என் வண்டியில் அப்படித்தான் செய்து பார்த்தேன், வேகம் சரியானது. ஆனால் இரண்டு வழியிலும் ஒரு விலை உண்டு: இனி பல்ப் நிஜமாகவே போனாலும் அந்த வேகமான டிக் டிக் வராது. எனக்கு அந்த எச்சரிக்கை வேண்டும். இண்டிகேட்டரில் இழை பல்பே போதும் என்று முடிவு செய்தேன். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஊசிகளைப் பார்த்து வாங்குங்கள், ஆரஞ்சு பல்பில் இரண்டு ஊசிகளும் நேரெதிரே இல்லாமல் 150 டிகிரியில் இருக்கும், வெள்ளை பல்பின் அடிப்பாகம் அதில் பொருந்தாது.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. நண்பர் ஒருவரின் வண்டியில் இதே இரண்டாவது செட்டைப் போட்டோம், வண்டியைப் பூட்டிய பிறகும் விளக்கு துடித்துத் துடித்து மின்னியது, டாஷ்போர்டில் பல்ப் எச்சரிக்கை வேறு. அந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் அவ்வப்போது சின்ன மின்துடிப்பு அனுப்பிப் பல்ப் இருக்கிறதா என்று பார்க்கும், இழை அதில் சூடாகாது, எல்இடி மின்னிவிடும். சில வண்டிகளில் ஒரே இழையை வேகமாக அணைத்து அணைத்து எரியவைத்து அதையே டெயிலாகவும் பிரேக்காகவும் பயன்படுத்துவார்கள், அங்கே சாதாரண எல்இடி இன்னும் குழம்பும். கேன்பஸ் என்று போட்ட பல்பில் உள்ளேயே கூடுதல் சுமை வைத்திருப்பார்கள், அது வேலை செய்யலாம், ஆனால் அந்தச் சுமையே பல்பைச் சுடவைக்கும். நண்பரிடம் இழை பல்பையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். சில பழைய வண்டிகளில் பிரேக் லைட்டை எல்இடியாக மாற்றினால் க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாமல் போவதும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

நம்பர் பிளேட்டுக்குச் சின்ன டி10 பல்ப் போட்டேன். முதலில் எரியவில்லை, கழற்றித் திருப்பிச் செருகியதும் எரிந்தது, எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. ரிவர்ஸ் லைட் கண்ணாடி நிறமில்லாதது என்பதால் அங்கே வெள்ளை எல்இடி நன்றாகவே இருக்கிறது.

சட்டமும் பார்க்க வேண்டும். விளக்குக் கூடு இழை பல்பைப் போட்டுச் சோதித்து ஒப்புதல் வாங்கியது, அதற்குள் எல்இடி பல்பைப் போடுவதைப் பல நாடுகளில் சாலைக்கு அனுமதிப்பதில்லை, தகுதிச் சோதனையிலும் இன்சூரன்ஸிலும் இது கேள்வியாகலாம். நீங்கள் இருக்கும் இடத்து விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எட்டு மாதத்தில் இரண்டாவது செட்டில் எந்தச் சிப்பும் போகவில்லை. விளக்குக்குள் முன்பை விட ஈரம் அதிக நேரம் நிற்கிறது, இழை பல்பின் சூடு அதை உலர்த்திக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. அதனால் ரப்பர் விளிம்பைப் புதிதாக மாற்றினேன். மாதம் ஒரு முறை இண்டிகேட்டரைப் போட்டு, அதே இடத்தில் மீட்டரை வைத்து இரண்டு பக்கமும் எர்த்தை அளக்கிறேன். இடது பக்கம் 0.06-லேயே நிற்கிறது. வலது பக்கம் போன வாரம் 0.31 காட்டியது, விளக்கு எந்தக் குறையும் இல்லாமல் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து அட்டையைக் கழற்றப் போகிறேன்.